பனி பெய்த வளவும் உலகம்மை மதினியின் தயிரும்

கத்திரி வெயில் தொடங்கிப் பதினோராம் நாள், எண்பத்திரண்டாம் வருஷம், பாளையங்கோட்டையில் எங்கள் நாலு வீட்டு வளவுக்குள் விடியற்காலையில் பனி பெய்ய ஆரம்பித்தது. மார்கழியில் புல்நுனியில் நிற்குமே அந்தப் பனி இல்லை, தோளில் விழுந்தால் உதறிவிட்டுப் போகலாம், குனிந்து அள்ளினால் கைக்குள் நறுநறுவென்று அமுங்கும், அந்தப் பனி. வளவு என்றால் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்: தெருவைப் பார்த்து ஒரே ஒரு வாசல், உள்ளே நுழைந்தால் முற்றம், முற்றத்து நடுவில் கிணறு, கிணற்றைச் சுற்றி வீடுகள், யார் வீட்டில் என்ன குழம்பு என்பது எல்லோர் மூக்குக்கும் தெரியும், யார் வீட்டில் என்ன சண்டை என்பது எல்லோர் காதுக்கும் தெரியும். அந்த வளவின் மதில் சுவருக்கு உள்ளேதான் பெய்தது. சுவருக்கு அந்தப் பக்கம் தெருவில் எட்டு மணிக்கே தார் இளகிவிட்டது.

அதைப் பார்த்து நான் முதலில் சொன்ன வார்த்தை "ஐயோ, வத்தல் போச்சே!" என்பதுதான். பின்னே என்ன? முந்தின நாள் நானும் மைமூன் அக்காவும் மொட்டைமாடியில் முதுகு கருகக் கருக உட்கார்ந்து மூன்று வேட்டி நிறையக் கூழ்வத்தல் பிழிந்து வைத்திருந்தோம், ஒரு வருஷத்துக்கான வத்தல், அதன்மேல் ஒரு சாண் உயரத்துக்குப் பனி விழுந்து கிடந்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது. எது வத்தல் எது பனி என்று கண்ணுக்குப் பிரிபடவில்லை, இரண்டும் வெள்ளை. மைமூன் அக்கா முழங்கால் வரை சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்து, காரம் இருந்தால் வத்தல், காரம் இல்லையென்றால் பனி என்று பிரித்துக் கூடையில் போட்டாள்.

"ஏ பூரணம், இதுக்கு உப்புக் கூடிப்போச்சுட்டி," என்று அந்தக் குளிரிலும் என் கைப்பக்குவத்தைக் குறை சொன்னாள். அரிசி மண்டிக்காரர் பெண்டாட்டி, எதையும் வாயில் போட்டுப் பார்க்காமல் விடமாட்டாள்.

மூன்றாவது வீட்டு ஜெயசீலி டீச்சர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "கொடைக்கானல்ல இப்படித்தான் இருக்கும்," என்றார். டிரெயினிங் ஸ்கூலில் படிக்கும்போது ஒரே ஒரு தடவை கொடைக்கானல் போயிருக்கிறார், அதனால் குளிர் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் எங்கள் வளவில் அவர்தான் அதிகாரி. இருபது வருஷமாகப் பெட்டிக்கு அடியில் கிடந்த மெரூன் கலர் ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டார், வளவு முழுக்கப் பாச்சை உருண்டை மணந்தது. மற்றவர்களுக்கு ஏது ஸ்வெட்டர்? என் வீட்டுக்காரர் சங்கரபாண்டி டெய்லர், அவரிடம் நாலு சாக்கு நிறைய வெட்டுத்துணி இருந்தது. ஒன்பது மணிக்குள் எல்லோருக்கும் தலைக்குல்லாவும் காலுக்குப் பையும் தைத்துக் கொடுத்துவிட்டார். என் தலையில் யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் கிளிப்பச்சை ஜாக்கெட் துண்டு. ஆசாமி ஜென்மத்தில் எனக்கென்று உருப்படியாகத் தைத்துக் கொடுத்தது அது ஒன்றுதான்.

ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்பீர்கள். நன்றாகத்தான் எடுத்துக்கொண்டது. பால்காரர் இசக்கி வாசல்படியில் ஒரு கால் உள்ளே ஒரு கால் வெளியே என்று நின்றார், வெளியே இருந்த பாதி உடம்பு வேர்த்தது, உள்ளே இருந்த பாதி உடம்பு நடுங்கியது, "யக்கா, மத்தியானம் வரைக்கும் கேனை இங்கனயே வச்சுட்டுப் போகட்டுமா, கெடாதுல்லா?" என்று கேட்டு வைத்துவிட்டுப் போனார். அவர் போய்ச் சொல்லியிருப்பார், பத்து மணிக்கெல்லாம் வேர்க்குரு வந்தவர்கள் வரிசையாக வர ஆரம்பித்தார்கள், முதுகைக் காட்டிக்கொண்டு முற்றத்தில் ஐந்து நிமிஷம் நிற்பார்கள், 'அப்பாடா' என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு போவார்கள், போகும்போது தவறாமல் கிணற்றங்கரையில் ஒரு தேங்காயோ நாலு கத்தரிக்காயோ ஒரு கட்டு முருங்கைக் கீரையோ வைத்துவிட்டுப் போவார்கள். குச்சி ஐஸ்காரர் மட்டும் வண்டியை எங்கள் வாசலில் நிறுத்தி அரைமணி நேரம் முறைத்துக்கொண்டு நின்றார். சுகாதார ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து, என் வீட்டுக்காரரின் டேப்பை வாங்கி அளந்து, எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, கடைசியில் 'தண்ணீர் தேக்கம்' என்ற கட்டத்தில் எழுதிக்கொண்டு, எங்கள் டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

இப்படி எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் நாலாவது வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு நாறும்பூ அண்ணாச்சி வெளியே வந்தார், இரண்டு கையிலும் ஒரு கல்சட்டியைப் பிடித்துக்கொண்டு. தபால் ஆபீஸில் கடிதம் பிரிக்கிற வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், நாறும்பூநாதன் என்று பெயர், எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் இல்லாத குறையைத் தீர்த்தவர். தலையில் குல்லா கூட இல்லை, முடியில் பனி விழுந்துகொண்டிருந்தது, அதைத் தட்டிவிடவும் அவருக்குத் தோன்றவில்லை.

"உறையல," என்றார். "ராத்திரி ஊத்துனேன். பாலு பாலாவே இருக்கு."

நாங்கள் மூன்று பொம்பளைகளும் அப்படியே நின்றுவிட்டோம். ஒரு சட்டிப் பால் உறையாததற்கு ஏன் இப்படி நிற்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும், எனவே அந்தச் சட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அண்ணாச்சியின் பெண்டாட்டி உலகம்மை மதினி அதற்குப் பதினாலு மாசம் முன்னால் காலமானாள். ஒரு நாள் ராத்திரி வழக்கம்போலப் பாலைக் காய்ச்சி ஆறவைத்து, பழைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து உறை ஊற்றி மூடி வைத்துவிட்டுப் படுத்தாள், காலையில் தயிர் உறைந்திருந்தது, அவள் எழுந்திருக்கவில்லை. அண்ணாச்சி அந்தத் தயிரிலிருந்து ஒரு கரண்டி எடுத்து அன்றைய பாலுக்கு ஊற்றினார், அதிலிருந்து ஒரு கரண்டி மறுநாளைக்கு, அதிலிருந்து ஒரு கரண்டி அதற்கு மறுநாளைக்கு, இப்படிப் பதினாலு மாசமும் ஒரு நாள் விடவில்லை. அவர் மகள் செண்பகம் வடக்கே பிலாயில் வாழ்க்கைப்பட்டு இருந்தாள், உருக்காலைக்காரர் பெண்டாட்டி, மாசம் ஒரு கடிதம் போடுவாள், 'அப்பா, அங்கே தன்னந்தனியாக என்ன செய்கிறீர்கள், இங்கே வந்துவிடுங்கள்' என்று. அண்ணாச்சியும் மாசம் ஒரு பதில் போடுவார்: 'உங்கம்மா ஊற்றிய உறை இன்னும் அறுபடாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அது என்று அறுபடுகிறதோ அன்று வருகிறேன்.' எழுதியதை எங்களுக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் ஒட்டுவார்.

அண்ணாச்சி இல்லாத வளவை எங்களுக்கு யோசிக்கவே தெரியாது. மணியார்டர் பாரம் எழுதுவது அவர், கிணற்றுக் கயிறு மாற்றுவது அவர், சாயந்தரச் செய்தியை வளவுக்கே கேட்கும்படி ரேடியோவில் வைப்பது அவர், நானும் மைமூன் அக்காவும் தண்ணீருக்கு அடித்துக்கொண்டால் குறுக்கே வந்து நின்று "சரி, ஆளுக்கு ரெண்டு திட்டு பாக்கி இருக்கு, அதைத் திட்டிட்டுப் போங்க" என்பதும் அவர்தான். அவர் போய்விட்டால் நாங்கள் நாலு வீட்டுக்காரர்கள் இல்லை, நாலு வீடு, அவ்வளவுதான்.

வேறு யாரிடமாவது உலகம்மை மதினியின் உறை இருக்காதா என்று கேட்டால், இல்லை. மைமூன் அக்கா எத்தனையோ தடவை அவளிடம் வாங்கியிருக்கிறாள், டீச்சர் வாங்கியிருக்கிறார், வாங்கி வாங்கித் தொலைத்தார்கள், கேட்டால் கொடுக்க அவள் இருக்கிறாளே என்கிற தைரியத்தில். நான் மட்டும் ஒரு தடவை கூட வாங்கியதில்லை. என்னுடையது அம்பாசமுத்திரத்தில் என் அம்மா வீட்டு உறை, கல்யாணத்தோடு கொண்டுவந்தது, அவளிடம் போய் நிற்பேனா நான்? "உன் தயிரு பாயசம் மாதிரிலா இனிக்கி, பச்சப் பிள்ளைக்கு ஊட்டலாம்," என்று அவள் என்னைக் கேலி செய்வாள், "உங்க தயிரை முகர்ந்தாலே பல்லு கூசுது மதினி," என்று நான் திருப்பிக் கொடுப்பேன். எட்டு வருஷம் இப்படியே வாயாடினோம். அவள் போனபிறகு எனக்குச் சண்டை போட ஆள் இல்லாமல் நாக்கு துருப்பிடித்துப் போயிற்று, நிஜமாகச் சொல்கிறேன், அழுகையாக வரும்.

இப்போது யாருக்கும் சொல்லாத ஒன்றை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது தெரியாமல் அன்றைய நாளில் நான் பட்ட பாடு உங்களுக்கு விளங்காது. பதினாறாம் நாள் விசேஷத்துக்கு அண்ணாச்சியும் செண்பகமும் பாபநாசம் ஆற்றுக்குப் போனபோது, வீட்டைக் கழுவித் துட்டி, அதாவது சாவுத் தீட்டு, கழிக்கிற வேலையை என்னிடம் விட்டுவிட்டுப் போனார்கள். துட்டி வீட்டில் புளித்தது, அரைத்தது, ஊறப்போட்டது எதையும் மிச்சம் வைக்கக் கூடாது, சட்டிபானை எல்லாவற்றையும் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்துவிட வேண்டும், அதுதான் எங்கள் பழக்கம். அண்ணாச்சி கிளம்பும்போது, "எல்லாத்தையும் கழுவிரு பூரணம், அந்தக் கல்சட்டிய மட்டும் தொட்டுராத," என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நானும் தலையை ஆட்டினேன். ஆனால் மதினியின் அஞ்சறைப் பெட்டியையும் அவள் மோர்மத்தையும் தேய்த்துக்கொண்டே அழுதேனா, கண்ணில் தண்ணீர் மறைக்க, கை தன்பாட்டுக்கு அடுத்தது அடுத்தது என்று எடுத்துத் தேய்த்துக்கொண்டே போய்விட்டது. சட்டி பளபளவென்று கையில் இருந்தபோதுதான் எனக்கு உறுதியாகத் தெரிந்தது, நான் கொட்டியது என்ன என்று. சாக்கடையில் வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் என் வீட்டுத் தயிரை எடுத்துவந்து அந்தச் சட்டியில் ஊற்றி மூடிவைத்தேன்.

அண்ணாச்சி திரும்பிவந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, கதவோரம் நின்ற என்னைப் பார்த்து, "அப்படியே அவ கை," என்றார். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? பதினாலு மாசமாக என் தயிரைச் சாப்பிட்டுக்கொண்டு, என் தயிருக்காக மகளிடம் போகாமல் இருந்தார். மாசாமாசம் அவர் பதிலை வாசித்துக் காட்டும்போதெல்லாம் நான் அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று சொல்லி எழுந்து போய்விடுவேன்.

சரி, பனி பெய்த நாளுக்கு வருகிறேன். மைமூன் அக்காதான் முதலில் அசைந்தாள்.

"உறையலைன்னா என்ன, செத்தா போச்சு? குளிருல உறங்குது. சூடு காட்டுனா எந்திச்சிரும். உள்ள கொண்டாங்க அண்ணாச்சி."

வளவிலேயே சின்ன அடுப்படி என்னுடையது, ஆனதால் அதுதான் கதகதப்பு, எல்லோரும் அதற்குள் வந்து அடைந்தோம். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் ஒரு பக்கம் வெந்து பால் திரிந்துபோகும் என்று டீச்சர் சொன்னார், தூர வைத்தால் குளிரில் அப்படியே கிடக்கும், எனவே மனுஷச் சூடுதான் சரி என்று முடிவாயிற்று. சட்டியை வெட்டுத்துணியில் பொதிந்து ஒருவர் மடியில் வைத்துக்கொள்வது, அவர் மடி மரத்துப்போனால் அடுத்தவர் மடிக்கு மாற்றுவது. அசைந்தால் உறையாது, அதனால் மாற்றும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு மாற்றினோம். டீச்சர் மடியில் இருந்தபோது அவர் உதடு ஜபம் சொல்லிக்கொண்டிருந்தது, மைமூன் அக்கா பிஸ்மி சொல்லித்தான் வாங்கினாள், என் வீட்டுக்காரர் சம்மணம் போட்டு ஒரு மணி நேரம் பீடி கூடப் பிடிக்காமல் வைத்திருந்தார், கல்யாணமாகி அவர் அவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"நான் மூணு பெத்தேன், ஒண்ணைக் கூட இவ்வளவு பதனமா வச்சதில்ல," என்றாள் மைமூன் அக்கா.

மடி காலியாக இருந்தவர்கள் சமைத்தோம். வேர்க்குருக்காரர்கள் வைத்துவிட்டுப் போன காய்கறி குவிந்து கிடந்தது, இத்தனை வகைக்குத் தனித்தனியாக யார் குழம்பும் பொரியலும் வைப்பது, கூட்டாஞ்சோறு பொங்கிவிடலாம் என்று நான் பெரிய பானையை ஏற்றினேன். அரிசி மைமூன் அக்கா வீட்டு அரிசி, துவரம்பருப்பு டீச்சருடையது, கத்தரிக்காய், வாழைக்காய், மாங்காய், முருங்கைக்காய், கீரை எல்லாம் ஊராருடையது. தேங்காயும் சீரகமும் மிளகாயும் அரைக்க அம்மியில் கை வைத்தால் கை ஒட்டிக்கொண்டது, வெந்நீர் ஊற்றி ஊற்றித்தான் அரைத்தேன். தேங்காயெண்ணெய் போத்தலுக்குள் கல்லாகிவிட்டது, என் வீட்டுக்காரர் கத்திரியால் குத்திக் குத்தி எடுத்துக் கொடுத்தார். வடகம் தாளித்துக் கொட்டியதும் எழுந்த மணம் இருக்கிறதே, அது முற்றத்தில் பனிக்குள் போய் அங்கேயே நின்றது, வாசலுக்கு வெளியே வெயிலில் நின்றவர்களுக்குப் போகவே இல்லை, நாங்கள் மட்டும்தான் முகர்ந்தோம். இன்றைக்கும் எங்காவது வடகம் தாளித்தால் எனக்கு விரல் நுனி குளிரும்.

மத்தியானம் இரண்டு மணிக்கு மைமூன் அக்கா மூடியைத் திறந்து பார்த்தாள். பாலாகவே இருந்தது. யாரும் சாப்பாட்டைத் தொடவில்லை. அண்ணாச்சி மட்டும் சிரித்துக்கொண்டு, "பிலாய்ல குளிரு இதைவிட ஜாஸ்தியாம்லா, இப்பமே பழகிக்கிட்டேன்னு வச்சுக்கிடுங்க," என்றார், அதைக் கேட்டு டீச்சர் ஸ்வெட்டர் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மூன்று மணிக்குச் சட்டி என் மடிக்கு வந்தது. வத்தல் வேட்டியில் இன்னும் பாதி மாடியில் கிடக்கிறதே என்று மைமூன் அக்காவும் டீச்சரும் மாடிக்குப் போனார்கள், கூடை தூக்க என் வீட்டுக்காரரும் போனார். அடுப்படியில் நானும் அண்ணாச்சியும் மட்டும். மடியில் அந்தச் சட்டி சில்லென்று கனத்தது. எத்தனை பேர் காலையிலிருந்து மடி மரக்க உட்கார்ந்திருக்கிறார்கள், எதற்கு, என் தயிருக்கு! எனக்குத் தாங்கவில்லை.

"அண்ணாச்சி, இது மதினி உறை இல்ல."

அவர் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"நீங்க பாபநாசம் போயிருந்தப்ப, துட்டி கழுவுதேன்னு இந்தச் சட்டியவும் சேத்துக் கழுவிட்டேன். இது எங்க அம்பாசமுத்திரத்து உறை. பதினாலு மாசமா நீங்க என் தயிரத்தான் சாப்பிடுதீங்க. ஒரு பொய்யச் சொல்லி உங்கள இங்கன பிடிச்சு வச்சிருக்கேன், அந்தப் பிள்ள அங்க உக்காந்து காயிதம் காயிதமா எழுதிக்கிட்டிருக்கு. என்னைச் செருப்பால அடிங்க."

"தெரியும்," என்றார் அண்ணாச்சி.

"என்ன தெரியும்?"

"வந்த அன்னிக்கே தெரியும், பூரணம். அவ ராத்திரி உறை ஊத்திட்டுக் காலையில மறந்துருவா, மத்தியானம் வரைக்கும் கிடந்து புளிச்சுப்போயிரும். இருவத்தாறு வருஷம் புளிச்ச தயிரத் தின்னவன் நான். அவ தயிரு என்னிக்கு இப்படி இனிச்சிருக்கு? சட்டி விளிம்புல அவ வழிக்காம விட்ட ஆடை காஞ்சு ஒட்டிக்கிட்டிருக்கும், அதையும் காணலை. நீ கதவோரத்துல நின்ன நிலையப் பாத்தேன், மூஞ்சி வெளிறிப்போய். வேற என்னத்தச் சொல்லுவேன்?"

எனக்கு வாய் வராமல் போனதை என் வீட்டுக்காரர் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

"பின்ன ஏன் அண்ணாச்சி? மககிட்ட ஏன் அப்படி எழுதுனீங்க?"

"வேற எப்படி எழுத? உன் வீட்டுக்கு வர எனக்கு இஷ்டமில்ல, டெய்லர் கூட ரேடியோ கேட்டுக்கிட்டு, மைமூன் வீட்டு மீன்குழம்ப மோந்துகிட்டு, உங்க சண்டைய விலக்கிக்கிட்டு இங்கன கிடக்கதுதான் எனக்குப் பிடிச்சிருக்குன்னு பெத்த பிள்ளைக்கு எழுத முடியுமா? மனசு விட்டுப்போகும்லா. அம்மா தயிருன்னா அவ ஒண்ணும் சொல்ல மாட்டா." அடுப்புச் சாம்பலைக் கிளறிவிட்டார். "எனக்கு மட்டும் தெரிஞ்சிருந்த வரைக்கும் அது பொய்யாத் தெரியல, பாத்துக்கோ. இப்ப நீ வாயத் திறந்து சொல்லிட்ட. அடுத்த காயிதம் எழுதையில உன் மூஞ்சி வந்து நிக்கும். இனி என்னால முடியாது."

"நான் சொல்லல அண்ணாச்சி. நான் ஒண்ணுமே சொல்லல," என்றேன், பைத்தியம் பிடித்த கோட்டிக்காரி மாதிரி.

அவர் சிரித்துக்கொண்டே கையை நீட்டி என் மடியிலிருந்த துணியை விலக்கி, மூடியை எடுத்து, சட்டியை மெல்லச் சாய்த்தார். தயிர் அசையவில்லை. கட்டியாக, விளிம்போடு விளிம்பாக உறைந்திருந்தது. இன்னும் கால்மணி நேரம், வெறும் கால்மணி நேரம் என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

மாடியிலிருந்து இறங்கிவந்தவர்கள் போட்ட கூச்சலில் தெருவே திரும்பிப் பார்த்தது. டீச்சர் மைமூன் அக்காவைக் கட்டிக்கொண்டார், என் வீட்டுக்காரர் உடனே போய் ஒரு பீடி பற்றவைத்தார், பானையைத் திறந்து எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து கூட்டாஞ்சோறு சாப்பிட்டோம், பின்னால் சோறும் தயிரும். "மதினி கை மதினி கைதான்," என்று மைமூன் அக்கா விரலைச் சூப்பினாள். அண்ணாச்சி ஆமாம் என்றார். என் இலையில் ஊற்றியதை நானும் சாப்பிட்டேன், என் தயிர் எனக்கு அவ்வளவு கசந்தது அன்று ஒரு நாள்தான். வெளியே பனி பெய்வது நின்றிருந்தது. சாயந்தரத்துக்குள் எல்லாம் உருகி வாசல்வழியாகத் தெருவுக்கு ஓடியது, தெருக்காரர்கள் வாளியும் குடமும் கொண்டுவந்து பிடித்துப் போனார்கள்.

மறுநாள் காலையில் அண்ணாச்சி ஒரு கடிதம் எழுதி, எங்களுக்கு வாசித்துக் காட்டாமலே ஒட்டினார். ஆனி மாசம் புறப்பட்டார். தயிர்தான் உறைந்துவிட்டதே, பின்னே ஏன் போகிறார் என்று மைமூன் அக்கா என்னைப் பிடித்துக் கேட்டாள், தெரியவில்லை என்றேன். பிலாய்க்கு ரயிலில் மூன்று நாள், தயிர் தாங்காது, அதனால் என் வீட்டுக்காரர் கொடுத்த ஒரு முழம் வெள்ளை மல் துணியைத் தயிரில் முக்கி மொட்டைமாடி நிழலில் காயவைத்து, மொடமொடவென்று ஆனதும் மடித்து அண்ணாச்சி சட்டைப்பைக்குள் வைத்துக் கொடுத்தேன். அங்கே போய் வெதுவெதுப்பான பாலில் அந்தத் துணியைப் போட்டால் போதும், உறைந்துவிடும். அவர் போனபிறகு நாலாவது வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள், போனார்கள். நானும் மைமூன் அக்காவும் சண்டை போட்டால் விலக்க ஆளில்லை, அதனால் சண்டையையும் விட்டுவிட்டோம், கொஞ்ச நாளில் பேச்சும் குறைந்துபோயிற்று.

ஒரு மாசம் கழித்து என் பெயருக்குக் கடிதம் வந்தது. 'பூரணம், துணி போட்ட பால் உறைந்துவிட்டது. செண்பகம் முதல் வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டிலிருந்து கையை எடுக்காமல் அழுதாள். அம்மா கை அப்படியே இருக்கிறதப்பா என்றாள். கல்யாணமாகி இவ்வளவு காலத்தில் அம்மா தயிர் புளிக்கும் என்பதே பிள்ளைக்கு மறந்துபோயிருக்கிறது. நான் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை. உனக்குத்தான் வாய் நிற்காது.' அவ்வளவுதான் எழுதியிருந்தார்.

ஆறு வருஷம் அங்கே இருந்தார் அண்ணாச்சி. அஸ்தி கரைக்க செண்பகம் மட்டும் பாபநாசம் வந்தாள், அங்கிருந்து நேரே வளவுக்கு வந்தாள். தலையில் அங்கங்கே நரை, நடக்கிற நடை அப்படியே அவள் அம்மா. உட்காரவைத்துச் சோறு போட்டேன். குழம்பை ஊற்றி என்னவோ போலச் சாப்பிட்டாள், கடைசியில் தயிரை ஊற்றினேன், ஒரு வாய் வைத்தவள் அப்படியே நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அத்தை, இது எங்க அம்மா தயிருல்லா?"

கல்யாணத்தோடு அம்பாசமுத்திரத்திலிருந்து என் அம்மா கொடுத்துவிட்டு, யாரிடமும் ஒரு கரண்டி கடன் கேட்காமல் நான் காப்பாற்றிவந்த உறை அது.

"ஆமா மக்கா," என்றேன். "உங்க அம்மாகிட்ட வாங்குனதுதான்."